வாத்தியாருக்குத் தெரியாததை எழுதச் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புக்கு நான் கொடுத்த முதல் கட்டுரைத் தலைப்பு "மழைநீர் சேகரிப்பு". 38 நோட்டுகள் வந்தன. 38-லும் ஒரே குறள், ஒரே முன்னுரை, "நிலத்தடி நீர்மட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது" என்று ஒரே வரி. கைடு ஒன்று, பிள்ளைகள் 38 பேர், அவ்வளவுதான். அது எனக்குப் புதிதில்லை. உறைத்தது வேறு. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே ஊருணி இருக்கிறது. தெருவில் விழுகிற மழைத்தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக அதற்குள் போய் விழுகிறது என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடக் கைநீட்டிக் காட்டுவான். நாலு பக்க ஓடும் வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், சரியும்படி வீடு கட்டி, வடிகிற தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்த ஊர்கள் இவை. அதைப் பற்றி ஒரு நோட்டிலும் ஒரு சொல் இல்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஊருணி என்றால் குளத்துக்கு இன்னொரு பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் அதைச் சொல்லிவிட்டேன். "அய்யோ ஐயா, கொளம் வேற, கம்மா வேற, ஊருணி வேற" என்று ஆரம்பித்தார்கள், மணி அடித்தும் நிறுத்தவில்லை. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, இறக்கினால் யார் வந்து சத்தம் போடுவார், எந்தப் படியில் வழுக்கும். முதல் நாள் ஒரு வரி சொந்தமாக எழுதாத அதே 38 பேர்தான். அந்த அரை மணி நேரத்தில் புரிந்த ஒரு விஷயத்தைத்தான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன்: கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுத யாருக்கும் கை ஓடாது. "மழைநீர் சேகரிப்பு" எனக்கும் தெரியும், தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாறுதலாகி வருகிற தமிழாசிரியர்கள், பி.எட். முடித்த கையோடு ஒன்பது, பத்தாம் வகுப்புகளை வாங்கிக்கொண்டு விழிக்கிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் வெளியூர் என்றால் ரொம்ப நல்லது. உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கும்.

முதல் வாரம்

கட்டுரை நோட்டைத் தொடாதீர்கள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் போதும். தினமும் பீரியட் தொடங்கியதும் ஐந்து நிமிடம் எழுத வேண்டும், பேனா நிற்கக் கூடாது, விதி அது ஒன்றுதான். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் "எழுத ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருக்கலாம். அதை நாலு தடவைக்கு மேல் எழுதிய பிள்ளையை நான் பார்த்ததில்லை, அவர்களுக்கே சலித்துப்போய் வேறு ஏதாவது எழுதத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பு கைக்குள் அடங்குகிற மாதிரி இருக்கட்டும். "எனது ஊர்" வேண்டாம், அது கைடில் இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை இன்று காதில் விழுந்த சத்தங்கள். காலையில் சாப்பிட்டது என்ன, யார் பரிமாறியது. நேற்று வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதாது என்பார்கள். ஆனால் அதை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது, நீங்களும் வாங்கிப் பார்க்கக் கூடாது.

அந்த ஐந்து நிமிடமும் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். வரிசைக்கு நடுவே நடந்து எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. இந்த வாரம் சிவப்புப் பேனா பீரோவிலேயே இருக்கட்டும்.

தலைப்பை எங்கிருந்து எடுப்பது

உங்களுக்கு உண்மையாகவே தெரியாத இடத்திலிருந்து. தெரிந்துகொண்டே தெரியாதது போல் நடித்தால் பத்தாம் வகுப்புப் பையன் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். நான் கேட்டவற்றில் நன்றாக ஓடியவை சில: சீயம் என்கிற பலகாரம் எண்ணெயில் வெடிக்காமல் இருக்க மாவு எப்படி இருக்க வேண்டும்? கொட்டான் என்கிற ஓலைக்கூடையைப் பின்னும்போது ஓலையை ஏன் நனைக்கிறார்கள்? குன்றக்குடி முருகன் கோயிலுக்கு நடந்தே போகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? மஞ்சுவிரட்டுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். சிராவயல் பக்கத்துப் பையன் ஒருவன் பெஞ்சிலிருந்து எழுந்து, தொழுவத்திலிருந்து அவிழ்க்கிற மாடு எது, பொட்டலில் அங்கங்கே அவிழ்த்துவிடுகிற கட்டுமாடு எது, வாடிவாசலில் நிற்கிற ஆளுக்கு மாடு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியும், பொட்டலில் நிற்கிறவனுக்குத் தெரியாது, அதனால் இங்கே காதுதான் முக்கியம், மணிச்சத்தம் கேட்டுத் திரும்ப வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னான். "காதுதான் முக்கியம்" என்பதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். அவன் கட்டுரைக்கு அதுதான் தலைப்பு. அதுவரை நாலு வரிக்கு மேல் எழுதாதவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகளைச் சொல்லி மாளாது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. செட்டிநாடு என்றதும் பெரிய வீடு, பலகாரம், பர்மா தேக்கு என்று தலைப்பு கொடுக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வந்த முதல் வருஷம் கட்டுரை அமைப்பைச் சொல்லித்தர, முகப்பு என்பது முன்னுரை, வளவும் இரண்டாங்கட்டும் பொருளுரை என்று பெரிய வீட்டின் படத்தைப் பலகையில் போட்டு, நானே மெச்சிக்கொண்டு நின்றேன். முன்பெஞ்சில் ஒரு பிள்ளை, குறையாகக்கூட இல்லை, தகவலாகச் சொன்னாள்: "ஐயா, நாங்க பின்வாசல் வழியாத்தான் போவோம்." அவள் அப்பத்தா அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வீடுகளைக் கட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. கூட்டுகிற, காவல் காக்கிற, விசேஷத்துக்குச் சமைக்கிற, ஓடு மாற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். அந்தப் படத்தை அழித்துவிட்டேன், அப்புறம் போட்டதில்லை.

அவள் முதலில் எழுதியது இது: "எங்கள் ஊரில் ஒரு பெரிய வீடு உள்ளது. அது மிகவும் அழகானது. அங்கு பல தூண்கள் உள்ளன." சுற்றுலாக் கையேடு. நான் கேட்டது மூன்றே கேள்விகள். சாவி யாரிடம் இருக்கும்? கதவைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும்? நீ எந்த அறைக்குள் போகமாட்டாய்? அடுத்த நாள் இப்படி வந்தது (படைப்பு என்பது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது): "படைப்புக்கு நாலு நாள் முன்னால் அப்பத்தா சாவிக்கொத்தை எடுப்பார். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். திறந்ததும் வௌவால் வாடை வரும். நான் வளவு வரைக்கும் கூட்டுவேன். அதற்கு அந்தப் பக்கம் லைட் கிடையாது." இதில் "மிகவும் அழகான" எங்கே போயிற்று என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

"மிகவும்", "சிறந்த", "உலகப்புகழ் பெற்ற", "இன்றியமையாத" என்று நாலு சொற்களைப் பலகை ஓரத்தில் எழுதி, ஒரு மாதத்துக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். வகுப்பே போலீஸ் வேலை பார்க்கும். நீங்கள் பேச்சுவாக்கில் "மிகவும்" என்றால் உங்களையும் பிடிப்பார்கள்.

பேசவைத்து, பிறகு எழுதவைப்பது

பல மொழிக்காரர்களுக்கு இவ்வளவு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. பிள்ளை பேசுகிற தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. விஷயத்தையும் யோசித்து, "ஊத்துவாங்க"வை "ஊற்றுவார்கள்" ஆக்கி, அதில் ற் வருமா ர் வருமா என்றும் யோசிக்க வேண்டுமென்றால், பாவம், மூன்று வேலையையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வான்? கைடுக்கு ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

ஒரு பீரியடில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். கேட்கிறவருக்கு "அப்புறம்?", "எப்படி?", "ஏன்?" என்று மூன்று சொற்கள் மட்டும். பத்து நிமிடம். பிறகு சொன்னவர், சொன்ன மாதிரியே பேச்சுத் தமிழில் எழுதுவார். மாற்றுவது அடுத்த பீரியட் வேலை.

ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், போடுகிறவர் மகன் ஒருவன் பேச்சில் எழுதியது: "மொதல்ல கண்ணாடிய நல்லாத் தொடைக்கணும். தூசி இருந்தா கல்லுல தெரியும். அதுமேல அச்சு வெச்சு கலர் ஊத்துவாங்க. அச்சுல தடுப்பு இருக்கும், கலரு ஒண்ணோட ஒண்ணு சேராது. அச்சத் தூக்குறப்ப கை ஆடுச்சுன்னா போச்சு." அந்தக் கல்லின் வழவழப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது, தனியாகப் பாலிஷ் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பூ விழுகிற முகம் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கிறது, மேலே சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்கிறார்கள். அப்படியானால் போடுகிறவர் பூவைப் பார்ப்பது எப்போது என்று கேட்டேன். கல் இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடியைக் கழற்றிய பிறகு என்றான். அதையும் எழுது என்றேன்.

மாற்றும்போது மூன்று வகையை மட்டும் பாருங்கள். வினைமுடிவு: ஊத்துவாங்க, ஊற்றுவார்கள். வினையெச்சம்: தொடைச்சிட்டு, துடைத்துவிட்டு. வேற்றுமை உருபு: கண்ணாடிய, கண்ணாடியை. இதைத் தாண்டி ஒவ்வொரு சொல்லையும் "தூய்மையாக்க" இறங்காதீர்கள். "கை ஆடினால் போயிற்று" என்று அவன் மாற்றினான். ஒரு சக ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு "கை நடுங்கினால் வடிவம் சிதைந்துவிடும்" என்று திருத்தலாமே என்றார். திருத்தலாம். ஆனால் அப்புறம் அது அவன் அப்பாவைப் பற்றிய வரி இல்லை.

பலகையில் நீங்கள் தடுமாறுங்கள்

நாம் எழுதிக் காட்டுவதெல்லாம் பிசிறில்லாத வரிகள். எழுதுகிறவர் அடித்து அடித்துத்தான் எழுதுவார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது, அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும் என்றுதான் தெரியும். வாரம் ஒருநாள் தயாரிப்பில்லாமல் பலகையில் ஒரு பத்தி எழுதுங்கள். ஒருமுறை நான் "ஊருணி ஊரின் உயிர்நாடி" என்று தொடங்கினேன். பின்னாலிருந்து "ஐயா, கைடு!" என்று ஒரு குரல். சரி என்று அடித்தேன். யோசித்து, "ஊருணியில் தண்ணீர் குறைந்துவிட்டது" என்றேன். எவ்வளவு என்று கேட்டார்கள். அதையும் அடித்துவிட்டு, "பொங்கலுக்கு மேலிருந்து மூன்றாவது படியில் நின்ற தண்ணீர் இப்போது எட்டாவது படியில் நிற்கிறது" என்று எழுதினேன். எட்டா ஒன்பதா என்று இரண்டு பேருக்குள் சண்டை. இன்டர்வெல்லில் போய் எண்ணிவிட்டு வந்து ஒன்பது என்றார்கள். மாற்றினேன்.

திருத்துவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மூச்சு முட்டிப்போகிறார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 38 நோட்டுகளுக்கு 190 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு பிரிவு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவ்வளவும் செய்து, பிள்ளைகள் பார்ப்பது கடைசியில் உள்ள மதிப்பெண்ணை மட்டும்.

எல்லாப் பிழைகளையும் திருத்தாதீர்கள். சோம்பேறித்தனமாகத் தெரியும், எனக்கும் ஆரம்பத்தில் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் முதல் இரண்டு பக்கக் கட்டுரையை வரிக்கு வரி சிவப்பாக்கிக் கொடுத்தேன், அடுத்த கட்டுரை ஐந்து வரிகள், ஒரு பிழை இல்லை. பிழையில்லாமல் எழுதக் குறைவாக எழுதினால் போதும், தெரிந்த சொற்களை மட்டும் போட்டால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளை மறுபடி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவர அரையாண்டு வரை ஆயிற்று.

இப்போது நான் செய்வது: மாதத்துக்கு ஒரு பிழை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு. ஜூலை மாதம் ஒருமை பன்மை. "மாடுகள் வந்தது" என்றால் அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சரியான சொல்லை நான் எழுதுவதில்லை. புள்ளி உள்ள வரியில் என்ன தப்பு என்று அவர்கள் தேடி, அவர்களே "வந்தன" என்று மாற்ற வேண்டும். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்த மாதம் ற், ட். முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு, காட்ச்சி, இந்த நாலும் எல்லா நோட்டிலும் இருக்கும். ற், ட் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு மெய் வந்து உட்காராது என்று ஒரே ஒரு விதி சொன்னால் போதும், அப்படியே குறையும். குறைந்த கையோடு "மகிழ்சி", "வளர்சி" என்று எழுத ஆரம்பிப்பார்கள்! பதற வேண்டாம், விதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூரம் அதிகமாகப் போய்விட்டார்கள். ழ், ர் வேறு சாதி, அங்கே ச் தாராளமாக வரும் என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவர வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் குறுக்குவழி கிடையாது, பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். வல்லினம் மிகும் இடமெல்லாம் கடைசி. அதில் நாமே தடுமாறுகிறோம்.

நோட்டின் அடியில் "நன்று", "முயற்சி தேவை" என்று எழுதுவதற்குப் பதில் ஒரு கேள்வி எழுதுங்கள். "சாவி தொலைந்தால் என்ன செய்வீர்கள்?" பதில் அடுத்த பக்கத்தில் வந்துவிடும்.

கடிதம்

கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி என்ற சட்டத்தை எல்லாரும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். நடுவில்தான் ஒன்றும் இருக்காது. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கடிதத்தை நிஜமாகவே தபாலில் போடுவது.

ஒரு வகுப்பு, தெருவிளக்கு எரியவில்லை என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதியது. பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஏன் வரவில்லை என்று கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு பேசினோம். "எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் எரிவதில்லை" என்று இருந்தது. எந்தப் பகுதி? எந்தத் தெரு? கம்பத்தில் எண் எழுதியிருக்குமே என்றான் ஒருவன். போய்க் குறித்துவந்தார்கள். எந்த நாளிலிருந்து எரியவில்லை, அந்த வழியாக டியூஷனிலிருந்து எத்தனை மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று இரண்டாவது கடிதம் எழுதினார்கள். அதற்கும் பதில் கடிதம் வரவில்லை, ஆனால் ஒருநாள் விளக்கு எரிந்தது. எங்கள் கடிதத்தாலா என்று தெரியாது, பிள்ளைகள் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

உறவுக் கடிதத்துக்கு இங்கே நல்ல மண். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் கடிதத்திலேயே குடும்பம் நடத்திய ஊர். இப்போது சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற அப்பாக்களுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் போகிறது. நேற்று அனுப்பியதை நினைவிலிருந்து எழுதி, அதைக் கடிதமாக்கச் சொல்லுங்கள். குரலில் இருந்த கோபமோ கொஞ்சலோ தாளில் எப்படி வரும் என்ற இடத்தில் நல்ல திண்டாட்டம் இருக்கும். அப்பா இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள், ஆகையால் "யாராவது ஒருவருக்கு" என்றே சொல்லுங்கள்.

தேர்வு, அப்புறம் பின்தங்கிய பிள்ளைகள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கடிதத்துக்கும் காட்சியைக் கண்டு எழுதுவதற்கும் ஐந்தைந்து மதிப்பெண், கட்டுரைக்கு எட்டு. அதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. குறிப்புச் சட்டகம், உட்தலைப்பு, நேரக்கணக்கு எல்லாவற்றையும் பொங்கலுக்குப் பிறகு பழக்கிவிடலாம், சொந்தமாக எழுதப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய சுமை இல்லை. காட்சிக் கேள்வியில் இவர்கள் தனியாகத் தெரிவார்கள். உங்கள் சோதனைகளுக்கு ஒன்பதாம் வகுப்புதான் இடம்.

ஒரு வாக்கியம்கூடச் சேர்த்து எழுத வராமல் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி ஏட்டைக் கொடுத்து மூலையில் உட்காரவைக்காதீர்கள். அவன் சொல்ல, நண்பன் எழுத, அதைப் பார்த்து அவன் திருப்பி எழுதி, வகுப்பில் அவனே வாசிக்கட்டும். தான் சொன்ன வரி என்பதால் வாசிப்பு ஓரளவு வந்துவிடும்.

தொடங்குவதாக இருந்தால் திங்கட்கிழமை முதல் பீரியட் வேண்டாம், பிரேயர் இழுத்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வருகிற பீரியடும் வேண்டாம், பாதிப் பேர் தூங்குவார்கள். செவ்வாய்க்கிழமை இன்டர்வெல் முடிந்து வருகிற பீரியட் சரியாக இருக்கும். கையில் கூடுதலாக மூன்று பேனா வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, பேனா எழுதல" என்று ஒருவன் கட்டாயம் எழுந்திருப்பான்.